இறங்க மறுத்த பொடி

— அவ்வளவு ஓங்கித் தட்டாதீங்க மாப்பிள்ளை. கேப்ஸ்யூல் அடைக்கிற தட்டு விரிசல் விட்டுச்சுன்னா நூறு குழியும் போச்சு.

— தட்டலைன்னா பொடி இறங்க மாட்டேங்குதே அத்தை! ஒவ்வொரு கேப்ஸ்யூல் வாயிலயும் பாலம் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. ஒண்ணை எடுத்து உள்ள பாருங்க.

— அட கஷ்டகாலமே, வெறும் காத்து! மேல கூரை, கீழ ஆளில்லாத வீடு.

— ஒரு நிமிஷம், தராசுல வைக்கிறேன். இது குண்டு. இது நோஞ்சான். ரெண்டும் ஒரே தட்டுல பொறந்ததுங்க.

— ஒரே வயித்துல பொறந்ததுங்களே ஒண்ணுபோல இருக்கறதில்ல. உங்க பொண்டாட்டியையும் அவ அக்காளையும் பாக்கலையா?

— அதைப் போய் வாங்குறவங்ககிட்ட சொல்ல முடியுமா? மூட்டுவலிக்குன்னு சாப்பிடுறாங்க. ஒருத்தருக்குப் பாதி, ஒருத்தருக்கு ஒண்ணரைன்னா என்ன நியாயம்? நாளைக்கு நம்ம மாத்திரையை விக்கிற கடைக்காரர் பெட்டி கேட்டு வந்து நிப்பார்.

— மரப்பிசின் பொடியாச்சே, குளிர்ல இறுகும்னுதான் காலையில பொடியை ஃபிரிட்ஜுல வச்சு எடுத்தேன்.

— எடுத்ததும் மூடியைத் திறந்தீங்களா?

— திறக்காம? உள்ள என்ன ஆச்சுன்னு பாக்க வேண்டாமா?

— அதான் சங்கதி. குளிர்ந்த பொடி வெளிக்காத்துல வேர்த்துடும் அத்தை. அப்புறம் கட்டி கட்டியாத்தான் நிக்கும்.

— பொடிக்குக்கூட வேர்க்குமா? நல்லா இருக்கே கதை! சரி, மூடியோட வச்சு, மூடியோடவே ஆறவிட்டுப் பார்ப்போம். அப்புறம் சல்லடையில சலிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத் தூவி, மெதுவா அமுக்கலாம்.

— அப்பவும் பழைய பொடி மாதிரி வராது. அது என்னமா ஓடுச்சு! அட்டையால ஒரு இழுப்பு இழுத்தா மொத்தக் குழியும் ரொம்பிடும்.

— அந்தப் பழைய பொடியைக் கொடுத்த வியாபாரி தங்கமான மனுஷன். வியாபாரத்தை நிறுத்திட்டுப் போயிட்டாரேன்னுதான் வருத்தம். ஆனா ஒண்ணு கேக்குறேன் மாப்பிள்ளை. பேரு ஒண்ணு, மரம் ஒண்ணு, பிசினும் ஒண்ணு. குணம் மட்டும் எப்படி மாறுச்சு?

— அரைச்ச பக்குவமா இருக்கும்...

— விரல்ல தேச்சுப் பாத்தேன். ரெண்டும் நைசுதான். புதுசு கையில அப்பிக்குது, பழசு உதிர்ந்துடுச்சு.

— ஒரு நிமிஷம் அத்தை. பிசின்னா கையில அப்பிக்கத்தானே செய்யணும்?

— ஆமா.

— அப்போ பழசு ஏன் அப்பிக்கலை?

— ...டப்பா அடியில பழசு ஒரு கரண்டி இருக்கு. கொண்டாரட்டுமா?

— கொண்டாங்க. காயத்துக்குப் போடுற அயோடினும், சமையக்கட்டுல இருந்து ஒரு சிட்டிகை அரிசி மாவும் வேணும்.

— மாவு எதுக்கு?

— மாவுல அயோடின் பட்டா நிறம் மாறும். பாருங்க, முதல்ல அரிசி மாவு.

— ஐயோ, மை கொட்டின மாதிரி ஆயிடுச்சே!

— இப்போ நம்மளைப் படுத்துற புதுப் பொடி.

— மாறலையே. அப்படியே பழுப்பா நிக்குது.

— இது பழசு. நீங்களே விடுங்க.

— ...மாப்பிள்ளை.

— ம்.

— இதுவும் மையாயிடுச்சு.

— முக்காவாசி மாவு கலந்திருப்பான் போல. தண்ணியா ஓடினதுக்கு அதான் காரணம். நாம கும்பிட்டது மாவை, திட்டினது மருந்தை.

— தங்கமான மனுஷன்னேனே, என் நாக்கைப் பொசுக்கணும்!

— நாமளும்தான் சோதிக்காம அடைச்சோம். நான் இப்பவே கடைக்காரரைக் கூப்பிடுறேன். அலமாரியில இருக்கிற பழைய பாட்டிலை எல்லாம் இறக்கச் சொல்லிடலாம். வாங்கினவங்களுக்கும் அவர் மூலமாச் சொல்லிடலாம். பேர் கெட்டாலும் கெடட்டும்.

— கெடட்டும். அதுதான் முறை.

— என்ன அத்தை, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. நீங்க போனைப் போடுங்க.

— சொல்லுங்க அத்தை.

— முன்னாடி மூட்டுவலியில நான் தவிச்சப்போ இந்த மாடிக்கு என்னைத் தோளைப் புடிச்சு ஏத்திவிட்டது நீங்கதானே? இப்போ உங்களுக்கு முன்னாடி ஓடி வந்து கதவைத் திறக்குறேன். நான் தினமும் சாப்பிட்டது அந்தப் பழைய பொடி மாத்திரையைத்தான் மாப்பிள்ளை.