இல்லாத நொட்டை

இரவு பதினொன்று நாற்பது. பழைய கல்குவாரியைச் சுற்றி ஏறி இறங்கும் ரோடு. ஒரு லாரிகூட இல்லை. முன்னால் ஒரு ஏ.டி.வி. போகிறது... நாலு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், மேடு பள்ளம் பார்க்காமல் ஏறுமே, அந்த வண்டி. இருபதடி பின்னால் பைக்கில் நம் வெல்டர்.

ஆமாம், நம் வெல்டர்தான். இன்றைக்கு அவருக்கு நைட் ஷிப்ட், ரூமுக்கு விடிந்துதான் வருவார். அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு அவர் முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டுவைக்காதீர்கள். அந்தக் கதவைச் சாத்துங்கள்... போதும்.

முன்னால் வண்டியில் போனவர் வெல்டருடைய அக்கா வீட்டுக்காரர். பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர். ஊரில் அவருக்குப் பெயரே நொட்டை. எந்தப் பொருளைக் கண்டாலும் இல்லாத நொட்டையைச் சொல்லி விலையை இறக்கிவிடுவார். தன் கல்யாணத்திலேயே சோறு குழைந்துவிட்டதென்று சமையல்காரர் கூலியில் கை வைத்தவர். சோறு உதிரி உதிரியாகத்தான் இருந்தது என்று வெல்டர் சொல்வார்.

அன்று சாயங்காலம்தான் அந்த வண்டியை வாங்கினார்கள். விற்றது ஓர் அம்மா. அவர் வீட்டுக்காரர் மலைமேல் செல்போன் டவர் பார்க்கும் வேலையில் இருந்தவர். தினமும் இந்த வண்டியில்தான் ஏறி இறங்குவார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கட்டில் இன்னும் மடக்கவில்லை. வீடெல்லாம் தைல வாடை... அதோடு பினாயில். ஆஸ்பத்திரிக்காரனுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டியாக வேண்டும் என்று அந்த அம்மா வெகுளியாகச் சொல்லிவிட்டார். நொட்டைக்கு அது போதாதா? அல்வா சாப்பிட்ட மாதிரி.

வண்டி புதுசு மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. நொட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஹேண்டில் இடது பக்கம் இழுக்கிறது என்றார். வெல்டரைப் பார்த்தார். வெல்டர் தலையாட்டினார். அதற்குத்தானே கூட்டிக்கொண்டு போவது... மெக்கானிக் தெரிந்த ஆள் ஆட்டினால் அந்தத் தலைக்கு மதிப்பு. வலது லைட் நிற்காது, சீக்கிரம் போய்விடும் என்றார். வெல்டர் தலையாட்டினார். பின்பக்கம் ஆள் உட்கார்ந்த மாதிரி சாய்கிறது, ஸ்பிரிங் செத்துவிட்டது என்றார். அதற்கும் ஆட்டினார்.

ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா ஒரே மாதிரி, "சரி, கழிச்சுக்குங்க," என்றார்.

விலை பாதிக்கு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நொட்டைக்கு நாக்கு அடங்கவில்லை. "இன்னொண்ணும்மா. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. இது ஆள அடிச்ச வண்டின்னு நாலு பேர் பேசிக்கிறாங்க. ஆள தின்ன வண்டிய எவன் வாங்குவான்?"

வெல்டர் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்தார்.

அந்த அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தார். "எங்க வீட்டுக்காரர் அந்த வண்டியில ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல," என்றார். பிறகு திரும்பி, காலிக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்... யாரிடமோ அபிப்பிராயம் கேட்கிற மாதிரி. அப்புறம், "சரி. அதுக்கும் கழிச்சுக்குங்க," என்றார்.

வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று, "பாத்துப் போயிட்டு வாங்க," என்று சொன்னார். தங்களுக்குத்தான் சொல்கிறார் என்று வெல்டர் கையைக் காட்டினார். அந்த அம்மா இவரைப் பார்க்கவே இல்லை. வண்டியின் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பதினொன்று நாற்பது, குவாரி ரோடு. நொட்டை குஷியில் விசிலடித்துக்கொண்டு போகிறார். குவாரிப் பள்ளம் இடது பக்கம். விசில் நின்றது. வண்டி இடது ஓரத்துக்குப் போனது. திருப்பினார். மறுபடி போனது... ஓரக் கல்லை உரசி நின்றது. ஒரு சின்னக் கல் உருண்டு விழுந்து, வெகு நேரம் கழித்துக் கீழே தண்ணீரில் 'ப்ளக்' என்றது.

"டேய் மாப்ள, நெசமாவே இடது பக்கம் இழுக்குதுடா," என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் வலது லைட் போனது. பல்பு மாற்றினார்கள், ஒயர் மாற்றினார்கள். எரியவில்லை. நொட்டை சிரிப்பது நின்றது.

எட்டாம் நாள் காலையில் வெல்டர் தன் பட்டறையைத் திறந்தார். ராத்திரி அங்கே விட்ட வண்டி, மேலே ஆள் யாரும் இல்லாமல் நிற்கிறது. பின்பக்கம் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. சீட்டு நடுவில் ஒரு குழி. புது ஸ்பிரிங் போட்டார். போட்ட கையோடு அதுவும் இறங்கியது... 'கிர்ர்ர்' என்று, மெதுவாக, வயசான ஆள் கையூன்றி உட்காருகிற மாதிரி. குனிந்தார். தைல வாடை.

அன்று ராத்திரி நொட்டை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சொன்ன நொட்டைகளை விரல் மடக்கி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரலை மடக்கவில்லை. சோறு ஆறிப்போனது. அக்கா என்னவென்று கேட்டதற்கு, உப்பு இல்லை என்றார். உப்பு இருந்தது.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். கொடுத்த பணம்கூட வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும் என்று நொட்டை கெஞ்சினார். அந்த அம்மா கட்டிலை மடக்கிவிட்டிருந்தார். கோபமே இல்லை அவர் குரலில்.

"ஒவ்வொரு நொட்டைக்கும் காசு கழிச்சீங்க, நானும் விட்டேன். அதெல்லாம் நீங்க வாங்கினது. இப்ப கொண்டாந்து குடுத்தா நான் எங்க வெக்கிறது?"

திரும்பி வரும்போதே நொட்டை கணக்குப் போட்டார். புரோக்கர் மூளை ஓடிக்கொண்டிருந்தது. நொட்டை சொல்லி விலை குறைப்பவன் தலையில்தான் நொட்டை விடியும் என்றால், அடுத்தவனைச் சொல்லவைத்துத் தள்ளிவிட வேண்டியதுதானே? நாலைந்து பேரைக் கூட்டிவந்தார். பேரம் பேசச் சொல்லி அவரே எடுத்துக்கொடுத்தார்... ஆளை அடித்த வண்டியாமே என்று கேளுங்களேன் என்று. நல்ல வண்டிக்கு அவரே நொட்டை சொன்னால் எவன் நிற்பான்? ஓடிவிட்டார்கள்.

கடைசியில் வீட்டுக்குள்ளேயே ஆள் கிடைத்தது.

வெல்டருக்கு அப்படி ஒரு வண்டி வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கேஸ் சிலிண்டரை மேட்டுக்கு முதுகில் தூக்குகிறவர் அவர். அன்று சாப்பாடு முடிந்ததும் நொட்டை அவர் தோளில் கை போட்டார். "மாப்ள, வண்டிய நீயே எடுத்துக்க. சும்மா குடுத்தா நல்லா இருக்காது, பேரம் பேசு. ஆள அடிச்ச வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லு. பாதிக்குப் பாதி தர்றேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா கதவருகில் வந்து நின்றார். புருஷனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

வெல்டர் தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார். "இல்லாத நொட்டைய எப்படி மாமா சொல்றது? அது இன்னும் யாரையும் அடிக்கலையே."

நொட்டை அவரை அப்படியே பார்த்தார். பிறகு சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். குவாரிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வரலாம், பின்னால் வா என்றார்.

அதே ரோடு. பள்ளத்துக்குப் போகும் வழி மேட்டில் இருக்கிறது. குறுக்கே இரண்டு இரும்புக் கம்பத்தில் சங்கிலி. நொட்டை பத்தடி கீழேயே வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். சாவியை உருவிப் பையில் போட்டார். டயருக்குப் பின்னால் கல் வைத்தார்... சரிவில் கீழே உருண்டுவிடக் கூடாதே. பிறகு மேலே போய்ச் சங்கிலியைக் கழற்றக் குனிந்தார்.

வண்டி கீழே உருளவில்லை.

மேலே ஏறியது.

இஞ்சின் சத்தம் இல்லை. லைட் இல்லை. டயரில் சரளைக் கல் நெரிபடும் சத்தம் மட்டும்... கரக்... கரக்... நடந்துபோகிற வேகம்தான். அவசரமே இல்லை. வெல்டர் கத்தினார். நொட்டை திரும்பினார். ஓடியிருக்கலாம், நேரம் இருந்தது. அவர் ஓடவில்லை. வண்டியைப் பார்க்கவும் இல்லை. வண்டிமேல், ஓர் ஆள் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை கூப்பினார்.

வண்டி அவரைக் கம்பத்தோடு வைத்து அழுத்தியது. வெல்டர் பாய்ந்து பின் கம்பியைப் பிடித்து இழுத்தார். எழுபது கிலோ சிலிண்டர் தூக்கும் கை. அசையவில்லை. முகத்துக்கு நேரே தைல வாடை, சூடாக, மூச்சு மாதிரி. உயிர் போக எவ்வளவு நேரம் ஆனது என்று வெல்டரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் என்றார்.

போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து வண்டி பட்டறைக்கே திரும்பி வந்தது. மறுநாள் அந்த அம்மா வந்தார். "வண்டியில எங்க பொருள் ஒண்ணு இருக்கு தம்பி, எடுத்துட்டுப் போயிடறேன்," என்றார். வெல்டர் தார்ப்பாயை விலக்கினார்.

அந்த அம்மா பின் சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "போதும். எறங்குங்க, வீட்டுக்குப் போலாம்."

கிர்ர்ர்... பின்பக்க ஸ்பிரிங் நாலு விரல் மேலே எழுந்தது. சீட்டில் இருந்த குழி தானாக நிரம்பியது.

வெல்டர் முன் சீட்டைப் பார்த்தார். ஓட்டுகிறவன் உட்காரும் இடம். அது இறங்கியே இருந்தது. எழவில்லை. அந்த அம்மாவைப் பார்த்தார்.

"அது உங்க வீட்டு ஆளு தம்பி," என்றார் அந்த அம்மா, வாசலைத் தாண்டிக்கொண்டே. "நீங்கதான் கூப்பிடணும்."

வெல்டர் அன்றைக்கே தார்ப்பாயை மூடி, பட்டறையைப் பூட்டினார். அடுத்த மாதம் இங்கே வேலைக்கு வந்துவிட்டார். நாலு வருஷம் ஆகிறது. வாரா வாரம் அக்கா போன் செய்வார். பட்டறையிலிருந்து ராத்திரி ஹாரன் சத்தம் கேட்கிறதாம், எலி ஏதாவது ஒயரைக் கடிக்கிறதா, பட்டறைச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்பார்.

தொலைந்துவிட்டது என்று வெல்டர் சொல்வார். சாவி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கட்டில்தான்... நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்களே, அது.