ஸ்பேஸ் தட்டி நிறுத்துன பக்கம்

இன்னா வேதகிரி சார், திரும்பவும் வாட்ச்சப் பாக்கறீங்க? குந்துங்க. உங்க பக்கம்லாம் என் கையிலதான கீது, எங்க ஓடிடப் போவுது? அந்த ஸ்டூல ஃபேனாண்ட இழுத்துக்குங்க.

இத்த யாரு அடிச்சது, உங்க ஆபீஸ்ல இப்ப கீற அம்முலுவா? பாவம், அத்தத் திட்டாதீங்க. உங்க சிஸ்டத்துல பாத்தா எல்லாம் நேராத்தான் தெரிஞ்சிருக்கும். டிராக்டர் பார்ட்ஸ் பேரு ஒரு பக்கம், நம்பரு ஒரு பக்கம், நடுவுல படம். ஆனா மொத்தத்தையும் ஸ்பேஸ் தட்டித் தட்டி நிறுத்திகீது சார். இங்க பாருங்க, உங்க ஃபாண்டு என் மிஷின்ல இல்ல. தொறந்ததும் எப்டி சரியுது பாருங்க. போல்ட்டு நம்பரு போயி பெல்ட்டு பேருக்கு நேரா நிக்குது. உங்களுக்கு வேல குடுத்த மெட்ராஸ் கம்பெனி மிஷின்லயும் இதே கதிதான ஆயிருக்கும்? அந்த மானேஜரு குதிக்காம இன்னா பண்ணுவாரு?

அவங்க பழைய புக்க ஸ்கேன் பண்ணது வெறும் போட்டோதான சார். அதுலர்ந்து எழுத்தப் பொறுக்கிக் குடுக்குதே சாப்ட்வேரு, அதுக்குக் கண்ணு கீது, புத்தி கெடையாது. ரெண்டு பத்தியா கீற பக்கத்த, இந்தக் கோடியிலர்ந்து அந்தக் கோடி வரிக்கும் ஒரே வரின்னு படிச்சிக்கினு போயிடும். ஒவ்வொரு பத்திக்கும் நாமதான் பெட்டி போட்டுக் காட்டணும். டேபிள்னா டேபிளே போடணும். உங்காண்ட வேல செஞ்சப்ப தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்க? கண்ணுக்கு நேரா தெரிஞ்சா போதும், சீக்கிரம் முடின்னீங்க. எவ குடி எப்டிப் போனாலும் உங்களுக்கு வேல முடியணும்.

இல்ல இல்ல, குத்திக் காட்டல. டீ எடுங்க. குத்புதீன் பாய் கடை டீ, நல்லாக் கீதுன்னு சொல்லுவீங்களே. காலையிலர்ந்து நாஷ்டா கூட பண்லியா? ரொம்ப பேஜாராத்தான் கீறீங்க. தெரியும் சார், இந்த காண்ட்ராக்டு போச்சுன்னா ஆபீஸயே மூட வேண்டிதுதான். இந்த ஊர்ல மொதமொதல்ல கம்ப்யூட்டர் வெச்ச ஆளு, ஷட்டர இயுத்து வுட்டுட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் எப்டி நடப்பீங்க?

கோவம் போச்சான்னா? போவல சார். மூஞ்சுக்கு நேராவே சொல்றேன், உங்களப் பாத்தாலே வயிறு எரியுது. சந்துல உங்க வண்டி சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உள்ள பூடுவேன். அதுக்குன்னு வேலையில வெஷம் வெக்க மாட்டேன். வேணும்னே ஒரு நம்பர மாத்திப் போட்டுட்டா உங்களுக்கா தெரியப் போவுது? மாட்டேன். எங்கம்மா அப்டி வளக்கல. அடுத்தவன் கழனியா இருந்தாலும் நாத்து கோணையா வெச்சா முதுவுலயே ஒண்ணு போடும்.

கொஞ்சம் இருங்க, இந்தப் படத்த உள்ள வெச்சுட்டா ஆச்சு. ராத்திரி பஸ்லயே எடுத்துக்கினு போறீங்களா? நேர்ல குடுத்துட்டா அந்தாளு எறங்கி வருவாருன்றீங்க. வரட்டும்.

தோ, முடிஞ்சுது. ஃபாண்ட மாத்தித் தட்டறேன் பாருங்க. நவுருதா? இனிமே எந்த மிஷின்ல தொறந்தாலும் நவுராது. சிடியிலயும் ஏத்தியாச்சு. பத்தரமா வெச்சுக்குங்க, கீறல் பட்டுடப் போவுது. கும்புடாதீங்க சார், நல்லால்ல.

ஆங், மெட்ராஸ்லர்ந்து உங்களுக்கு போன் வந்துச்சு. அந்த மானேஜருதான். நீங்க வெளிய வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கினு இருந்தீங்க. உங்க செல்லு எடுக்கலயாம், உங்க ஆபீஸ்ல கேட்டு இந்தக் கடை நம்பருக்கு அடிச்சாரு. அவங்க ஆபீஸ் மூடறதுக்குள்ள உங்களப் பேசச் சொன்னாரு. சரி பண்ணிக்கினு கீறேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், இன்னும் ஒரு வாரம் டைம் தரேன்னாரு. பேசலன்னா வேற ஊர்க்காரங்களுக்கு இன்னிக்கே குடுத்துடுவாராம்.

இப்பப் போட்டா ரிங்குதான் போவும் சார். அங்க எல்லாம் வூட்டுக்குப் பூட்டிருப்பாங்க. போடுங்க, தோ போனு.

ஏன் சொல்லலன்னா? வேல முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். உங்க வார்த்தைதான், எனக்கு மனப்பாடம். உங்காண்ட வேல செஞ்சப்ப, அன்னிக்கு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலர்ந்து எந்தம்பி பெஞ்சமின் ஆபீஸுக்கு போன் பண்ணான். அம்மாவுக்கு மூச்சு வாங்குது, அக்காவக் கேட்டுக்கினே கீதுன்னான். நீங்கதான் எடுத்தீங்க. வெச்சுட்டு என்னாண்ட வந்து, ஏஞ்சல், அந்தக் கடைசிப் பக்கம் கோணையா கீது பாருன்னீங்க. நானும் குந்தி நேராக்கிக்கினு இருந்தேன். முடிச்சப்பறந்தான் போன் வந்ததச் சொன்னீங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எங்கம்மாவுக்கு தாடையக் கட்டிட்டாங்க சார்.