தள்ளுவண்டியில் அடுத்த பிரபு

...அட, ஒரு பொண்ணாவாவது பொறந்து தொலைச்சிருக்கக் கூடாதாடா நீ? பொண்ணுன்னா இந்தப் பட்டம் கிட்டயே போகாது. எல்லாருக்கும் நிம்மதி. நீ என்னடான்னா ஆம்பளையா வந்து நிக்கற! எங்க நிக்கற, மல்லாக்கப் படுத்துக் கிடக்கற. அஞ்சு மாசம்கூட முழுசா ஆகல... அந்த விரல எடு மொதல்ல. நாளைக்கு லார்டு விண்டில்ஹம்னு பிரபு ஆகப்போறவன் பார்க் நடுவுல விரல் சப்பலாமா? அதுவும் வண்டியத் தள்றது யாரு? நான்!

லயனல் கிராப்ட்ரீ. வயசு அம்பத்தி மூணு. நீ எனக்குத் தம்பி! தம்பியாம், தம்பி... உங்கப்பா என் பெரியப்பா, இப்ப அந்தப் பட்டம் அவர்கிட்ட. எங்கப்பா போனதுக்கப்புறம் வரிசையில அடுத்தது நான்தான். முப்பது வருஷமா நான்தான்டா! கொள்ளுத்தாத்தா பேங்க் வச்சு, மந்திரிங்கள விருந்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாங்கின பட்டம். பெரியப்பாவோ எழுபத்திரெண்டு வரைக்கும் கட்டைப் பிரம்மச்சாரி. வேறென்ன வேணும் எனக்கு?

கையெழுத்துகூடப் பழகிட்டேன். பிரபுன்னா சொந்தப் பேரெல்லாம் போட மாட்டாங்க. வெறும் 'விண்டில்ஹம்', ஒத்த வார்த்தை. பேங்க் மீட்டிங்ல எல்லாரும் பேசிக்கிட்டிருப்பாங்க, நான் ஓரமா அதையே எழுதிக்கிட்டிருப்பேன். கடைசியில ஒரு வால் இழுப்பேன் பாரு... அவ்வளவு அழகு! என் வீட்டுக்காரி ஆரெலியா, 'லேடி விண்டில்ஹம் பேசறேன்'னு கண்ணாடி முன்னாடி சொல்லிச் சொல்லிப் பாப்பா. இப்ப? கண்ணாடியும் பரண்ல கிடக்கு, எங்கிட்டயும் பேச்சில்ல.

உங்கம்மா இருக்காளே... சரி சரி, இருக்காங்களே. என்னைவிட எட்டு வயசு சின்னவங்க, நான் பெரியம்மான்னு கூப்பிடணும்! 'லயனல், ஆயாவுக்கு இன்னைக்கு லீவு, தம்பிக்குக் கொஞ்சம் வாத்து காட்டிட்டு வா'ங்கறாங்க. மறுக்க முடியுமா?

அழாத, அழாத! உன்னை ஒண்ணும் சொல்லல. அந்தா பாரு வாத்து... வாத்துக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது.

உங்கிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாத. ரெண்டு வருஷம் முன்னாடி பெரியப்பா ஒரு டான்ஸ் டீச்சர் பின்னாடி சுத்த ஆரம்பிச்சாரு. அவளுக்கு இருபத்தெட்டு வயசு. கட்டிக்கிட்டா வாரிசு வந்துருமே! மனுஷனுக்குத் துணைதானே வேணும், ஆபத்தில்லாத துணையா நாமளே பாத்துடுவோம்னு, பேங்க்ல கடிதம் பிரிக்கிற மிஸ் ப்ரௌட்ட... நாப்பத்திநாலு வயசு, மூக்குக் கண்ணாடி, ரெண்டு பூனை... நான்தான்டா பேசி முடிச்சேன்! சர்ச்சுல மோதிரம் எடுத்துக் குடுத்ததும் நானே. இனிமே பயமில்லன்னு அன்னைக்கு நாலு துண்டு கேக் தின்னேன்.

மிஸ் ப்ரௌட் யாருன்னு பாக்கறியா? உங்கம்மாதான்!

அது போகட்டும்... பேங்க்ல எனக்கு என்ன வேலை தெரியுமா? எதுல ஆபத்து வரும், எதுல வராதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சுச் சொல்றது. இருபத்தாறு வருஷமா அதான் என் வேலை...

ஏய், ஏன்டா சிரிக்கற? பட்டம், பரம்பரைன்னு இவ்வளவு நேரம் கத்தினேன், கம்முனு கிடந்த. இது மட்டும் புரியுதா உனக்கு?