கடலின் காது

கடலின் காதுக்கு விலை பதினாலாயிரம், ஐயா. பேரம் பேசத் தெரிந்தவனுக்குப் பன்னிரண்டு. ஸ்டேஷனுக்குக் கூப்பிடாமல் அடையாறில் என் பழைய சாமான் கடைக்கே வந்திருந்தால் டீயும் உண்டு.

அதைக் கொண்டுவந்தவன் ஊரூர் குப்பத்துக் கோதண்டபாணி. மீன்பாடி வண்டியில் மஞ்சளாக ஒரு படகு. ஆள் இல்லை, எஞ்சின் இல்லை; அடியில் தொங்கும் துடுப்புகளை அலை ஏற்றி இறக்க, அதுவே முன்னே போகும். கடலைக் கண்காணிக்க ஏதோ ஓர் அலுவலகம் விட்டது.

"ரொனால்டண்ணே, தானா போய்க்கினு கீது. என் வலைய கிழிச்சிட்ச்சி. இன்னா தருவே?"

"ஆபீஸ்ல திருப்பிக் குடு. மாலை போடுவாங்க."

"மாலைய ஊத்துனா எஞ்சின் ஓடுமா?"

படகுக்குப் பதில் பழைய எஞ்சின் ஒன்று கொடுத்தேன். அதற்குமேல் அவன் எனக்குத் தர வேண்டியது மூவாயிரம் பாக்கி. எஞ்சினின் பம்ப் ஒரு மாதம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது வியாபாரம் இல்லை.

மஞ்சள் படகைப் பிரித்ததில் கிடைத்ததுதான் அந்தக் காதுப் பெட்டி. கடலில் யாராவது அபாய அழைப்பு விடுத்தால் அதைக் கேட்டுக் கரைக்குச் சொல்வது அதன் வேலை. சொல்லும் பாகத்தைக் கழற்றி எறிந்தேன். கேட்கும் பாகத்துக்கு மட்டும் மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தேன்.

பம்புக்கு நான் நினைத்த ஒரு மாதத்துக்கு நாலு நாள் முன்னதாகவே, காலை ஒன்பதரைக்கு, திரையில் சிவப்பாக ஓர் எண் துடித்தது. கோதண்டபாணியின் படகு எண். என் பாக்கி நோட்டிலும் அதுதான் இருந்தது.

கடலோரக் காவலுக்கு ஒரு போன் போதும். எதில் பார்த்தாய் என்பார்கள். தவிர, இன்னும் போணி ஆகவில்லை. போணிக்கு முன் என் கடையிலிருந்து எதுவும் சும்மா வெளியே போனதில்லை. அப்பா காலத்துப் பழக்கம்.

பத்து மணிக்கு ஃபிரெட்ரிக் வந்தான், படகுகளுக்குக் கருவி மாட்டுகிறவன். "வேல செய்யுதா மச்சி?"

திரையைத் திருப்பிக் காட்டினேன். எண் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"யாரு இது?"

"டெஸ்டிங்."

பேரமே பேசாமல் பதினாலாயிரத்தை எண்ணி வைத்தான். ஒயரைப் பிடுங்கினேன்.

போணிதான் ஆகிவிட்டதே, அப்போதாவது போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். விற்ற பொருளைப் பற்றி வெளியே பேசுவது வாங்கியவனுக்குச் செய்யும் துரோகம், ஐயா.

நான்காம் நாள் கோவளத்தில் கோதண்டபாணியின் படகு மட்டும் ஒதுங்கியது. அவன் மனைவி அன்புக்கரசி கடைக்கு வந்து மூவாயிரத்தை மேசைமேல் வைத்தாள்.

"அவுரு யாருக்கும் பாக்கி வச்சதில்லண்ணே."

துக்க வீடு என்று ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் கேட்கக்கூட இல்லை. நோட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்: கோதண்டபாணி பெயருக்கு நேரே கோடு போட்டிருக்கிறேன். அவனுக்கும் எனக்கும் கணக்கு நேர்.