ஏணிக்கு உள்ளயா, வெளியயா

சார், ஒருத்தன் பாடுபட்டதுக்கு இன்னொருத்தன் பேரு போட்டிருக்குன்னு தெரிஞ்சா, உங்க கை அதுல கையெழுத்துப் போடுமா? யோசிக்கிறீகளே, அதுவே போதும்.

நானா? செல்லப்பாண்டி. பரளச்சிப் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி வாத்தியார். ஆமா, நீங்க தூத்துக்குடியில இந்த பஸ்ஸு ஏறி வாரீகன்னு அருப்புக்கோட்டை காலேஜு ஆபீசுல கேட்டுத் தெரிஞ்சுதான் பந்தல்குடியில காத்துக் கெடந்து ஏறுனேன். உங்க மடியில இருக்கிறது ராமசுப்பு தீசிஸு. பதினோரு மணிக்கு வாய்மொழித் தேர்வுல நீங்க சரின்னுட்டா அவன் டாக்டர் ராமசுப்பு.

நாலாவது அத்தியாயத்தப் பிரிங்க. செம்புக் காம்ப்ளெக்ஸு டி.என்.ஏ.வுல எப்பிடி ஒட்டுதுன்னு இருக்கா? அது என்னுது.

உங்களுக்குத் தெரியாததில்ல, எம்பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். இந்த சீட்டுல நாம ரெண்டு பேரு. நடுவுல ஒருத்தர் நெருக்கி உக்காந்தா நாம நகரணும், வரிசை நீளும். படியில தொத்திக்கிட்டு வாரவனுக்காக யாரும் நகர வேண்டாம். டி.என்.ஏ. முறுக்குன ஏணி. செம்பு படிகளுக்கு நடுவுல நொழஞ்சா ஏணி நீளும், கரைசல் கெட்டிப்படும், கண்ணாடிக் குழாயில மெதுவா எறங்கும். வெளிய ஒட்டுனா நேரம் மாறாது. அந்த அத்தியாயத்துல இருக்கிற ஒவ்வொரு செகண்டும் நான் ஸ்டாப்வாட்ச்சப் பிடிச்சு எண்ணுனது.

மனுசரும் அப்பிடித்தான். ராமசுப்பு உள்ள வந்து உக்காந்தவன். ஒரே ரூமு, ஒரே தூக்குச்சட்டி. குழாயக் கழுவவே நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எங்கய்யா காரியத்துக்கு ஊருக்குப் போயிட்டு பதினேழாம் நாள் வந்தா, பீரோவுல நான் அளவெல்லாம் எழுதி வச்ச நோட்டு இல்ல. கேட்டதுக்குச் சிரிக்கிறான். ஏலே, ஒனக்குத்தான் வாத்தியார் வேல கெடச்சிருச்சே, டாக்டர் பட்டத்த வச்சு நீ போர்டு தொடைக்கவா போறங்கான்.

கைடா? அவுக அவன் பக்கம்.

இன்னொன்னும் கேளுங்க. டவுனுக்குத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்க. டிஸ்டில்டு வாட்டர் காய்ச்சி வடிக்கணும்னா ஆவி போற குழாயக் குளுர வைக்கவே கொடங்கொடமா வேணும், எங்க போக? பந்தல்குடி லாரி ஒர்க்சாப்புல பேட்டரித் தண்ணி வாங்கியாந்து அதுலதான் கரைச்சோம். சிரிக்காதீக, லேபே அப்பிடித்தான் ஓடுச்சு. பேட்டரித் தண்ணின்னு அவுக குடுத்தது வெறும் போர்த் தண்ணி சார். அதுல இருந்த உப்பும் நாங்க போட்ட செம்பும் சேந்து பொடியாப் படிஞ்சு குழாய அடைச்சிருக்கு. எறங்க நேரமானது அதனால. ஏணி நீளவே இல்ல.

எப்பிடித் தெரியுமா? மதுரையில இருந்து வடிச்ச நல்ல தண்ணி ஒரு கேன் கொண்டாந்து மறுபடி அளந்தேன். செம்பு போட்டாலும் போடாட்டாலும் ஒரு செகண்டு மாறல. செம்பு வெளியதான் ஒட்டுது. அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போட்டேன்.

அவன் இல்ல சார், நாந்தான். எங்கய்யா சாகுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மூணு வருசம் வீணாப் போயிரும்னு பயம். எம்பேருல குடுக்க வச்சிருந்த பொய்யத்தான் அவன் எடுத்துட்டுப் போனான். பொய்யின்னு அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. திருட்டுப் போச்சேன்னு அழுகுறதுக்கு முன்னால, கையில இருந்தது சுத்தமான்னு பாக்கணும்ல.

எம்பேரு வேணாம் சார். நாளைக்கு ஒரு பிள்ள இத நம்பி, இதுமேல புத்துநோய்க்கு மருந்து தேட உக்காரும். அருப்புக்கோட்டை வந்திருச்சு, எறங்குங்க. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுறாதீக. நல்ல தண்ணி வரவழச்சு, உங்க கண்ணு முன்னால ஒருக்க அளக்கச் சொல்லுங்க. என்னயவும் அவன் பக்கத்துல நிப்பாட்டிக் கேளுங்க.