தன்னைத்தானே டீமிலிருந்து எடுத்தவர்

“அழுதியா?” என்று குழந்தை கேட்டால் பெரியவர்கள் உண்மையைச் சொல்லலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை பெங்களூரிலிருந்து கே.ஜி.எப். திரும்பும் ரயிலில், எதிர் சீட்டில் ஒரு கணவன், மனைவி, ஆறு வயதிருக்கும் மகள். என் பையன் மடியில் தூங்கிவிட்டதால் அவர்கள் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

“நாளைக்கு மேட்ச்ல நான் ஆடல. என்ன நானே டீம்லருந்து தூக்கிட்டேன்.”

“இன்னாங்க இது! கல்யாணத்துக்கு முன்னாடிலருந்து சம்பளத்துக்கு புட்பால் ஆடுறவரு. டீம் மேனேஜர் ஆனதும் மொத வேலை இதுவா? நம்ம நந்திதுர்க் ஏரியாவே உங்களப் பாக்க வருது!”

“முட்டி ஒத்துக்கல. டீம்ல அந்த பாலகாட் ஏரியா பையன் என்னவிட நல்லா ஓடுறான்.”

“மேனேஜராவும் இருங்க, ஆடவும் ஆடுங்க.”

“ஒரே ஆளு ரெண்டு ஷிப்டு பாக்க முடியாதுடி.”

“இவகிட்ட யாரு சொல்றது? அப்பா கோல் போடுவாருன்னு கிளாஸ் பூரா சொல்லி வெச்சிருக்கா.”

மகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அப்ப நாளைக்கு உனக்கு இன்னாப்பா வேலை?”

“கோட்டுக்கு வெளிய நின்னு கத்துறது.”

“அது அம்மா வேலையாச்சே!”

பெட்டியே சிரித்தது, அந்த அம்மாவும்தான். சிரிப்பு அடங்கியதும் மகள் மெதுவாகக் கேட்டாள்.

“டீம்ல இல்லன்னதும் அழுதியாப்பா?”

“கொஞ்சம்.”

அவள் யோசித்தாள். “பரவால்ல. கிளாஸ்ல நான் சொல்லிக்கறேன்.”

நானாக இருந்தால் ‘இல்லவே இல்லை’ என்றிருப்பேன். அது குழந்தையைக் காப்பதா, என்னைக் காப்பதா? உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? எழுதுங்களேன்.