சுரேரா குடிலுக்கு ஒரு மணி இருபத்தைந்து நிமிடம்

வியாழக்கிழமை நடைக்கு வழி தேர்ந்தெடுப்பது நீங்கள் நினைப்பதுபோல் லேசுப்பட்ட காரியம் இல்லை. மாநில நடைவழி அலுவலகத்தில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு, வரைபடத்தைப் பிரித்து ஒரு விரலை வைத்தால் போதும் என்று தோன்றலாம். எங்கள் நடைக் குழுவில் என்னைச் சேர்க்காமல் பத்தொன்பது பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு பெஞ்சு வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே பனிமுகடு தெரிய வேண்டும். மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம் தெரியக் கூடாது. பிரைதா அம்மாளின் இடது முழங்கால் ஏற்றத்தைத் தாங்கும், இறக்கத்தைத் தாங்காது. ஆகவே நடந்து ஏறி, கேபிள் காரில் இறங்குகிற இடமாகப் பார்க்க வேண்டும். முடிகிற இடத்தில் பார்லி சூப்பும் வால்நட் கேக்கும் கிடைக்க வேண்டும். குளிர்காலத்தில் பனிச்செருப்பு கட்டிக்கொண்டு நடப்பதென்றால் இன்னும் தலைவலி. மேலே உள்ள சரிவிலிருந்து பனி சரியக் கூடாது, மான்கள் படுத்திருக்கும் காட்டுக்குள் போகக் கூடாது, இரண்டு மணி வரை வெயில் இருக்க வேண்டும். இத்தனையையும் பார்த்துப் பார்த்து, பணி ஓய்வு பெற்றதிலிருந்து பதினான்கு வருடமாக நான்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஓய்வுக்கு முன் முப்பத்தொரு வருடம், மலையூர்களுக்குத் தபாலையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் தபால் பஸ் ஓட்டினேன். ஒரு நாளும் ஒரு நிமிடம் முன்னதாகக் கிளம்பியதில்லை. பால்ட்சர் பஸ்ஸை எடுத்தால் தேவாலயக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று எங்கள் ஊர் தர்வேனாவில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதனால்தான் பள்ளத்தாக்கின் வழிப்பலகைகளையும் என் பொறுப்பில் விட்டார்கள். கோடைக்கு மஞ்சள் பலகை, பனிநடைக்கு இளஞ்சிவப்புப் பலகை. எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று அதில் எழுதியிருக்கும். வெளுத்துப்போனதை, உடைந்ததை எழுதிப் போட்டால் உங்கள் அலுவலகம் புதிது செய்து அனுப்பும். நான் கொண்டுபோய்த் திருகாணி போடுவேன். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு.

கௌடென்ஸ் என் தங்கை மெங்கியாவின் கணவன். மரம் அறுக்கும் ஆலையில் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றதும் எங்கள் குழுவில் சேர்ந்தான். நல்லவன். அதை நான் எங்கு வேண்டுமானாலும் எழுதித் தருவேன். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான், அவனுக்குக் கொஞ்சம் அதிகம். பலகையில் போட்டிருக்கும் நேரத்தைவிட எத்தனை நிமிடம் முன்னால் வந்தோம் என்று பார்ப்பது.

பஸ் நிறுத்தத்திலிருந்து, மலைமேல் நடைக்காரர்கள் இளைப்பாறும் சுரேரா குடிலுக்கு இரண்டு மணி இருபது நிமிடம் என்று மஞ்சள் பலகை சொன்னது. நான் சரியாக அதே நேரத்தில் போய்ச் சேருவேன், பெஞ்சுகளைக் கழித்துவிட்டு. கௌடென்ஸ் ஒரு மணி ஐம்பதில் போய்விடுவான். போய், குடில் வாசலில் உப்புக்கண்டத்தை மெல்லிசாகச் சீவித் தின்றபடி உட்கார்ந்திருப்பான்.

"மச்சான், வந்துட்டீங்களா? நேத்தே கிளம்புனீங்களோ?"

"காட்சியைப் பார்த்துக்கிட்டு வந்தோம் மாப்ள."

"காட்சி எங்கயும் ஓடிப் போயிடாது மச்சான். நாமதான் போயிடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரைதா அம்மாள்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்திருக்கும்.

அடுத்த ஜனவரியில் ஆண்டுக் கூட்டம். பார்லி சூப் முடிந்ததும் அவன் எழுந்தான். "பெஞ்சு பெஞ்சா உட்கார்றதுக்கு பார்க் போதும். நமக்கெல்லாம் கால் இன்னும் நல்லாத்தான் இருக்கு. மச்சானோட காலம் முடிஞ்சதும் வழி தேர்ந்தெடுக்குற பொறுப்புக்கு நான் நிக்கிறேன். உச்சிக்குப் போவோம்!" என்றான். கை தட்டினார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். என் பதவிக்காலம் முடிய இரண்டு வருடம் இருந்தது.

இதை உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. என் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வியாழக்கிழமை காலை ஒன்பது ஐந்துக்குப் பஸ் நிறுத்தத்தில் பத்தொன்பது பேர் எனக்காகக் காத்திருப்பார்கள். மற்ற ஆறு நாளும் எனக்காக யாரும் காத்திருப்பதில்லை. அது போய்விடும் என்று நினைத்தபோது பயமாக இருந்தது, அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை.

அதே குளிர்காலத்தில் சும்மா ஒரு பரீட்சையாக ஆரம்பித்தேன். காட்டைச் சுற்றி வரும் பனிநடை வழிக்கு ஒன்றரை மணி என்று இளஞ்சிவப்புப் பலகையில் இருந்தது. புதிய பலகைக்கு எழுதிப் போடும்போது ஒரு மணி இருபது என்று எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. பத்து நிமிடம் தாமதமாக வந்தவர்கள் பனியைக் குறை சொன்னார்கள், செருப்பின் வாரைக் குறை சொன்னார்கள், முந்தின நாள் சாப்பிட்ட சீஸைக் குறை சொன்னார்கள். பலகையை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. நம் நாட்டில் தாங்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்தைச் சந்தேகிப்பார்கள், பாதிரியாரைச் சந்தேகிப்பார்கள், மஞ்சள் பலகையைச் சந்தேகிக்க மாட்டார்கள். கைபேசி வேறு நேரம் காட்டினாலும், அது நகரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவன் போட்ட கணக்கு என்று விட்டுவிடுவார்கள்.

வசந்தத்தில் சுரேரா பலகையை இரண்டு பத்து ஆக்கினேன். ஜூலையில் இரண்டு மணி. விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும் அல்லவா? 'மாடு உரசிச் சேதம்' என்று எழுதினேன். மற்ற வழிகளையும் சேர்த்து நாற்பத்தொரு பலகை. அத்தனைக்கும் மாடுகள்தான் காரணம் என்று உங்கள் கோப்பில் இருக்கும். வாயில்லா ஜீவன்கள் மேல் பழி போட்டது தப்புதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மே மாதம் பலகை ஒன்று ஐம்பதுக்கு வந்தது. அன்று கௌடென்ஸ் குடில் வாசலில் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் புதுக் கடிகாரம் வாங்கினான். ஜூனில் ஒன்று நாற்பது. புதுக் கடிகாரத்திலும் பத்து நிமிடம் தாமதம். நகரத்து இதய மருத்துவரிடம் போனான். மெஷினில் ஓடவிட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஒண்ணுமே இல்லைங்கிறாங்க மச்சான்," என்றான். முகம் வெளுத்திருந்தது. "ஏதாவது இருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்க. ஒண்ணும் இல்லேன்னா, வயசுதானே?"

"எல்லாருக்கும் வர்றதுதானே மாப்ள," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

ஆனால் அவன் லேசில் விடுகிற ஆள் இல்லை. பையில் கல்லைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் ஆலைக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறி இறங்கினான். வெண்ணெயை விட்டான். ஒயினை விட்டான். ஆகஸ்ட் கடைசியில் சுரேராவுக்கு ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தான், சந்தோஷத்தில். என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மனசாரப் பெருமைப்பட்டேன். மறுநாள் காலை ஒரு மணி இருபத்தைந்துக்கு எழுதிப் போட்டேன்.

இதற்கு நடுவில் ஒரே ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். ஆடு மேய்க்கும் கிழவர் கிளோ. "இங்க ரெண்டு இருபதுன்னுல்ல இருந்துச்சு? எவன் மாத்துனான்?" என்று பஸ் நிறுத்தத்தில் நின்று கத்தினார். அவர் மகள் பயந்துபோய் ஞாபகசக்தி மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கடிகாரம் வரையச் சொன்னார்களாம், சரியாக வரைந்தாராம். தேதி கேட்டார்களாம், சொன்னாராம். ஆனால் இரண்டு இருபது, இரண்டு இருபது என்று அதையே சொல்லிக்கொண்டிருந்ததால் மறதி நோயின் ஆரம்ப நிலை என்று எழுதிவிட்டார்கள். இப்போது இரண்டு வேளை மாத்திரை. அன்று நானே போய் ஒரு முழு வட்டச் சீஸ் கொடுத்துவிட்டு வந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் அக்கம்பக்கத்தார் கைகொடுக்காவிட்டால் எப்படி?

செப்டம்பரில் புதுப் பலகைப்படி கௌடென்ஸ் பதினெட்டு நிமிடம் தாமதம். அவ்வளவுதான், ஒடிந்துவிட்டான். ஒரு நாள் மெங்கியா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவரு இப்ப வீட்டுல மாடிப்படி ஏறும்போதும் கடிகாரத்தைப் பாக்குறாரு."

"எத்தனை படி?"

"இருபத்தெட்டு. அரை நிமிஷம் ஆகுது. அது சரிதானே அண்ணே? நீ பலகைக்காரன், உனக்குத் தெரியும்ல?"

கொஞ்சம் யோசித்தேன். "சில பேர் இருபது செகண்ட்ல ஏறுறாங்க, மெங்கியா," என்றேன்.

அவள் அழவில்லை. காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அந்த வருடக் கடைசியில் வீட்டை விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வந்து போகும் ஒரு பல் டாக்டருக்கு விற்றுவிட்டு, கீழே சமவெளியில், ஏரிக்கரையில் ஒரு அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். லிஃப்ட் இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூடுபனி. எதிர்வீடே தெரியாது என்கிறார்கள், மலை எங்கே தெரியப்போகிறது.

போகும்முன் கௌடென்ஸ் தன் பனிச்செருப்பை என்னிடம் கொடுத்தான். "நீங்க சொன்னதுதான் சரி மச்சான். பெஞ்சு பெஞ்சா உட்கார்ந்து போறதுதான் மனுஷனுக்கு அழகு. நான்தான் ஆடிட்டேன்." செருப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். நான் சொன்னதை அவன் அப்படி ஒத்துக்கொண்டு பேசியது அதுதான் முதல் தடவை.

ஜனவரிக் கூட்டத்தில் என்னை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. கூட்டத்துக்கு வந்ததே ஏழு பேர். மற்றவர்களுக்கு நடக்க முடியவில்லையாம். நாற்பத்தொரு பலகையும் சேர்ந்து இப்படிச் செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் ஊன்றுகோல் விற்றுத் தீர்ந்துவிட்டது. பிரைதா அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே ஏறி இறங்கும் நாற்காலி லிஃப்ட் ஒன்றை வீட்டுக்குள் போட்டுவிட்டார். இந்தக் குளிர்காலத்தில் வியாழக்கிழமை ஒன்பது ஐந்துக்கு நிறுத்தத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் வழி தேர்ந்தெடுத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கிறேன். போன வாரம் அருமையான வழி, முகடு முழுக்கத் தெரிந்தது. தனியாகப் போய் வந்தேன்.

போன இலையுதிர்காலத்தில் சுரேராவுக்கு ஒருமுறை போனேன். எனக்கு இரண்டு மணி முப்பத்தைந்து ஆனது. பலகையில் ஒன்று இருபத்தைந்து. எழுதியவன் நான்தான், தெரியும். ஆனாலும் ஒரு மணி பத்து நிமிடம் தாமதம் என்றால் சும்மா இருக்க முடியுமா? இதய மருத்துவரிடம் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றார். அதுதான் கவலையாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் குடும்பம் என் பலகையை நம்பிக் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டதும், குடிலில் வைக்கோலில் படுத்ததும், உங்களுக்குப் புகார் எழுதியதும் எனக்குத் தெரியும். நீங்கள் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு சுரேராவுக்கு ஏறியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நல்ல சீரான நடை உங்களுக்கு. எல்லாம் நான் செய்ததுதான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள். பழைய நேரங்களை இன்றைக்கே திரும்பப் போடுங்கள். திருகாணிகள் என்னிடம் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கௌடென்ஸுக்குச் சொல்ல வேண்டாம். இப்போதுதான் அவன் கொஞ்சம் அமைதியாக இருக்கிறான், சீட்டு விளையாடப் பழகியிருக்கிறான் என்று மெங்கியா எழுதியிருந்தாள். இந்த நேரத்தில் போய், வீட்டை விற்று, செருப்பைக் கொடுத்துவிட்டு, மூடுபனியில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதனிடம், உன் கால் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்வதா? அப்படிப்பட்ட கொடுமையை என்னால் யாருக்கும் செய்ய முடியாது.